சி நிரலில் முழு எண் வழிதலைத் தடுப்பது எப்படி: ஏலக் கணக்கிலிருந்து கடல் எல்லைக் கோடு வரை

பாம்பன் தெற்குவாடியிலோ ராமேசுவரம் துறைமுகத்திலோ ஏலத்துக்கு வரும் இறாலை எடைபோட்டு, கிலோவுக்குக் கேட்கப்பட்ட விலையால் பெருக்கிச் சீட்டு அச்சடித்துத் தரும் சிறு கருவி ஒன்றுக்கு சி மொழியில் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தசமக் கணக்கில் பைசா தப்பிவிடக் கூடாது என்பதற்காக எடையைக் கிராமிலும் விலையைப் பைசாவிலும் முழு எண்களாகவே வைத்துக்கொள்வது நல்ல முடிவு. அந்த முடிவை எடுத்த பின் பெரும்பாலோர் எழுதும் வரி இதுதான்:

இன்ட் தொகை = கிராம் * விலை / 1000;

கிலோ 450 ரூபாய் என்ற விலைக்கு 20 கிலோவைக் கொடுத்துப் பார்த்தால் 9,000 ரூபாய் என்று சரியாக வரும். 47 கிலோவுக்கும் 21,150 ரூபாய் என்று சரியாகவே வரும். 48 கிலோவை எட்டியதும் பெரும்பாலான கணினிகளில் சீட்டில் கழித்தல் குறியோடு 21,349 ரூபாய் 67 பைசா அச்சாகும். 100 கிலோவுக்கு 45,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 2,050 ரூபாய் 32 பைசா என்று வரும்.

இவற்றுள் 100 கிலோவின் விடைதான் மிகவும் அஞ்சத்தக்கது. கழித்தல் குறியோடு வரும் சீட்டை ஏலக்காரரோ வியாபாரியோ பார்த்த உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் 2,050 ரூபாய் என்பது பார்வைக்கு நியாயமான தொகை. ஏல நேரத்து அவசரத்தில் அது அன்றைய மொத்தக் கணக்குக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், இழப்பு முழுவதும் கடலுக்குப் போய்வந்தவர்களின் பங்கில் விழும். நிரல் எங்கும் நிற்கவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, சோதனைக்கு எடுத்துக்கொண்ட சிறிய எடைகள் எல்லாம் சரியாகவே இருந்தன என்பதால், தவறு எங்கே புகுந்தது என்று பின்னால் தேடுவதும் எளிதன்று.

நடந்தது இவ்வளவுதான். இன்று பரவலாக உள்ள கணினிகளிலும், சிறு கருவிகளை இயக்கும் இஎஸ்பி32 போன்ற கட்டுப்படுத்திச் சில்லுகளிலும் இன்ட் என்ற முழு எண் வகை 32 பிட் கொண்டது. அது தாங்கக்கூடிய பெரிய எண் 2,14,74,83,647. நூறு கிலோவைக் கிராமாக்கி விலையால் பெருக்கினால் 4,50,00,00,000 வருகிறது. இறுதி விடையான 45,00,000 பைசா அந்தப் பெட்டிக்குள் தாராளமாக அடங்கும் என்றாலும், 1000 ஆல் வகுப்பதற்கு முன் வரும் இடைமதிப்பு அடங்குவதில்லை. அடங்காமல் மேலே போன பிட்டுகள் வெட்டுண்டு, மிச்சம் நின்றதே விடை என்று கொள்ளப்படுகிறது. இதைத்தான் இன்டிஜர் ஓவர்ஃப்ளோ, அதாவது முழு எண் வழிதல் என்கிறோம். விடையின் அளவை மட்டும் பார்த்து மாறியின் வகையைத் தேர்வு செய்வதே இத்தகைய பிழைகள் பெரும்பாலானவற்றுக்கு வேர் என்பது என் முடிவு. வழியில் தோன்றும் ஒவ்வொரு இடைமதிப்புக்கும் இடம் இருக்கிறதா என்று, கணக்கு நடப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

வரம்புகளை முதலில் எழுதி வைத்தல்

நிரலைத் தொடங்கும் முன், ஒவ்வொரு அளவும் நடைமுறையில் எதுவரை போகக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வரம்புகளைச் சொல்லித்தரச் சி மொழிப் பாடநூலால் ஆகாது, வாடியில் நின்று கேட்டால்தான் தெரியும். இறாலும் நண்டும் கிலோ கணக்கில் எடைபோடப்படும். மீன் தூள் ஆலைகளுக்குப் போகும் சங்காயமோ ஒரே விசைப்படகிலிருந்து டன் கணக்கில் இறங்கும். விலை குறைவாயிற்றே என்று சங்காயத்தைச் சோதிக்காமல் விடுபவர்கள், கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,100 கிலோவைத் தொடும்போது பெருக்குத்தொகை 220 கோடியாகி 32 பிட் வரம்பைத் தாண்டிவிடுவதைக் கவனிப்பதில்லை.

ஆகவே எடை 50 டன்னுக்கு மேல் போகாது, விலை கிலோவுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று தாராளமாகவே வரம்பு வைத்துக்கொள்வோம். கிராமில் அது 5,00,00,000; பைசாவில் 10,00,000. இரண்டையும் பெருக்கினால் 5 என்ற எண்ணுக்குப் பின் 13 சுழியங்கள் வரும். 64 பிட் முழு எண் தாங்கும் உச்சம் 9223372036854775807 என்பதால் இன்னும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் மடங்குக்கு மேல் இடம் மீதியிருக்கிறது. இந்தக் கணக்கை நிரலில் அந்த வரிக்கு மேலேயே குறிப்புரையாக எழுதிவிடுங்கள். பின்னொரு நாள் வேறொருவர் அந்த வரியில் கை வைக்கும்போது, எதை நம்பி அது எழுதப்பட்டது என்பது அவருக்கு விளங்க வேண்டும்.

வகைகளின் பெயரைப் பொறுத்தவரை, இன்ட், லாங் என்று பொதுவாக எழுதுவதைக் காட்டிலும் ‘எஸ்டிடிஇன்ட்.எச்’ தலைப்புக் கோப்பில் உள்ள இன்ட்32_டி, இன்ட்64_டி, யுஇன்ட்32_டி ஆகிய வகைகளைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. சி தரநிலை இன்ட்டுக்கு 16 பிட்டுக்குக் குறையாத அளவு வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்படுத்திப் பலகையில் (ஆர்3 வரையான பதிப்புகளில்) அது 16 பிட்தான் என்பதால் 32,767க்கு மேல் ஒரு எண்ணையும் அதில் வைக்க முடியாது, அதாவது 33 கிலோவைக் கிராமில் எழுதவே இயலாது. லாங் என்பது 64 பிட் லினக்ஸில் 64 பிட். 64 பிட் விண்டோஸிலோ 32 பிட். கல்லூரி ஆய்வகத்து லினக்ஸில் சரியாக ஓடிய நிரல், வீட்டில் உள்ள விண்டோஸ் மடிக்கணினியில் தவறான விடை தருவதற்கு இது ஒன்றே போதும்.

எந்த இடத்தில் அகலப்படுத்துவது

வரம்பைக் கணக்கிட்டவர்களும் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தொகை என்ற மாறியை மட்டும் 64 பிட்டாக மாற்றிவிட்டு, வலப்புறத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்:

இன்ட்64_டி தொகை = கிராம் * விலை / 1000;

இதனால் எதுவும் சரியாகாது. சி மொழியில் ஒரு பெருக்கல் எந்த வகையில் நடக்கும் என்பதை அதன் இரு பக்கமும் உள்ள எண்களின் வகைதான் தீர்மானிக்கும். விடை எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை அது பார்ப்பதில்லை. கிராமும் விலையும் 32 பிட்டாக இருந்தால் பெருக்கலும் 32 பிட்டிலேயே நடந்து, வழிந்து, கெட்டுப்போன எண்தான் 64 பிட் மாறிக்குள் வந்து சேரும். பெருக்கலுக்கு முன்பே இரண்டில் ஒன்றை அகலப்படுத்த வேண்டும்:

இன்ட்64_டி தொகை = (இன்ட்64_டி) கிராம் * விலை / 1000;

அடைப்புக்குறியை இடம் மாற்றி (இன்ட்64_டி) (கிராம் * விலை) என்று எழுதினால் பழைய தவறே திரும்பி வரும். அச்சடிக்கும் வரியையும் மறந்துவிடக் கூடாது. பிரின்ட்எஃப்பில் 64 பிட் எண்ணுக்குச் சாதாரண ‘%டி’ குறியைக் கொடுப்பது தவறு, ‘இன்ட்டைப்ஸ்.எச்’ கோப்பில் உள்ள ‘பிஆர்ஐடி64’ குறியைப் பயன்படுத்த வேண்டும்.

இதே காரணத்தால்தான் ஆர்டுயினோ ஊனோவில் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லி 60 * 1000 என்று எழுதினால் தவறு நேர்கிறது. இரண்டும் 16 பிட் எண்கள் என்பதால் 60,000 என்ற விடைக்கு இடமில்லை. நேராக 60000 என்று எழுதினால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே அதை லாங் என்று எடுத்துக்கொள்ளும். பெருக்கலாக எழுத விரும்பினால் எண்ணின் பின்னால் ‘யுஎல்’ என்ற எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். ஓத மட்டத்தை அளக்கும் உணரியின் அளவீடுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்தப் பலகையின் அனலாக் உள்ளீடு 0 முதல் 1023 வரை தரும். உச்ச அளவீடுகள் 32ஐக் கூட்டினால் 32,736 என்று மயிரிழையில் அடங்கும், 33ஐக் கூட்டினால் அடங்காது. கடல் வற்றியிருக்கும் வேளையில் சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், நீர் உயரும் வேளையில்தான் தவறு வெளிப்படும்.

செயல் நடந்த பின் சோதிப்பது பயன்படாது

வழிந்துவிட்டதா என்று பார்க்கப் பலரும் எழுதும் சோதனை ஒன்று உண்டு: கூட்டிய பின் விடை பழைய எண்ணைவிடக் குறைந்துவிட்டதா என்று கேட்பது. யுஇன்ட்32_டி போல எதிர்ம மதிப்பே கொள்ளாத குறியற்ற எண்களுக்கு, அவை இன்ட்டைவிடச் சிறிய வகையாக இல்லாதவரை, இது செல்லும். ஏனெனில் குறியற்ற வகைகள் உச்சத்தைத் தாண்டினால் சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்கும் என்று தரநிலையே உறுதி தருகிறது. குறியுள்ள எண்களுக்கு அந்த உறுதி இல்லை. குறியுள்ள கூட்டல் வழிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தரநிலை வரையறுக்காமல் விட்டிருக்கிறது. எனவே கம்பைலர், சரியான நிரலில் வழிதல் நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொள்ள உரிமை பெற்றிருக்கிறது. “மொத்தம் + 100 < மொத்தம்” என்ற நிபந்தனையைப் பார்த்தவுடன், வழிதல் இல்லாத உலகில் இது ஒருபோதும் உண்மையாகாது என்று முடிவு கட்டி, ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் மேம்படுத்தும் நிலையில் அந்தச் சோதனையையே நீக்கிவிடும். நீங்கள் வைத்த காவல் இயங்கு நிரலில் இருக்காது.

சோதனையைச் செயலுக்கு முன்னால், வழியாத கணக்கைக் கொண்டே எழுத வேண்டும். இரண்டும் சுழியத்துக்குக் குறையாத எண்கள் என்றால் கூட்டலுக்கு முன் “முதல் > உச்சம் - இரண்டாவது” என்று கேளுங்கள்; உண்மையானால் கூட்டாதீர்கள். பெருக்கலுக்கு முன், இரண்டாவது எண் சுழியம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, “முதல் > உச்சம் / இரண்டாவது” என்று கேளுங்கள். உச்சம் என்ற இடத்தில் இன்ட்32_மேக்ஸ், இன்ட்64_மேக்ஸ் ஆகிய மாறிலிகளை இடுங்கள். எண்ணைக் கையால் எழுதினால் ஓர் இலக்கம் தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

கழித்தல் குறி எண்களும் வருமானால் இந்தச் சோதனைகள் கிளை பிரிந்து நீளும். அப்போது கம்பைலர் தரும் வசதியைப் பயன்படுத்துவதே மேல். ஜிசிசி 5ஆம் பதிப்பிலிருந்து ‘__பில்ட்இன்_ஆட்_ஓவர்ஃப்ளோ’, ‘__பில்ட்இன்_மல்_ஓவர்ஃப்ளோ’ போன்ற செயல்கூறுகள் இருக்கின்றன, கிளாங்கிலும் உண்டு. இரு எண்களையும், விடை வைக்க வேண்டிய முகவரியையும் கொடுத்தால், வழிந்தால் உண்மை என்றும் வழியாவிட்டால் பொய் என்றும் அவை திருப்பித் தரும். சி23 தரநிலை இதையே ‘சிகேடி_ஆட்’, ‘சிகேடி_சப்’, ‘சிகேடி_மல்’ என்ற பெயர்களில் ‘எஸ்டிடிசிகேடிஇன்ட்.எச்’ கோப்பில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. புதிதாகத் தொடங்கும் வேலைக்கு இவற்றையே பரிந்துரைப்பேன்.

வழிதல் தெரிந்த பின் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பணக் கணக்கில் உச்ச எண்ணோடு நிறுத்திக்கொள்வது ஏற்கத்தக்கதன்று. சீட்டு அச்சாகாமல் நின்று, காரணத்தைத் திரையில் தமிழில் காட்ட வேண்டும். உணரியின் அளவீட்டிலோ உச்சத்தில் நிறுத்தி, ‘அளவு மீறியது’ என்ற அடையாளத்தோடு பதிவு செய்வது போதும்.

எல்லைக் கோட்டுக்கு எவ்வளவு தூரம்

இந்தக் கரையில் எழுதப்படும் நிரல்களில் பிழை மிகவும் விலை உயர்ந்ததாக முடியக்கூடியது, பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது படகோட்டியை எச்சரிக்கும் கருவியின் நிரல்தான். 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வரையப்பட்ட அந்தக் கோடு நீரில் தெரிவதில்லை. தாண்டினால் நேர்வது என்ன என்பதை இங்குள்ள எந்தக் குடும்பத்துக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பல ஜிபிஎஸ் தொகுதிகள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பாகையின் ஒரு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில், 32 பிட் குறியுள்ள எண்ணாகத் தருகின்றன. ராமேசுவரத்தின் தீர்க்கரேகையான ஏறத்தாழ 79.3 பாகை அதில் 79,30,00,000 ஆகும். 180 பாகை வரை அந்த எண் 32 பிட்டுக்குள் அடங்குவதால் எல்லாம் நலமே என்று தோன்றும். ஆனால் தூரம் காண, இரு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்துகிறோம். 46,340க்கு மேற்பட்ட எந்த எண்ணின் வர்க்கமும் 32 பிட்டில் அடங்காது. அந்த அலகில் 46,341 என்பது கடலில் ஏறத்தாழ 510 மீட்டர். எச்சரிக்கைப் புள்ளி என்று பாலத்தடியில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் வல்லத்தை ஓட்டிச் சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே காட்டும். 730 மீட்டர் தொலைவில், அதாவது 66,000 அலகில், வர்க்கம் 435,60,00,000 ஆகி வழிந்து 6,10,32,704 என்று நிற்கும். அதன் வர்க்கமூலம் 7,812 அலகு, அதாவது 86 மீட்டர். கோட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் விலகியிருக்கும் படகுக்கு, கோட்டின் மேலேயே நிற்பது போல் அபாய ஒலி எழும்.

வழிந்த எண் எப்போதும் உண்மையைவிடச் சிறியது என்பதால் இந்தத் தவறு பொய் எச்சரிக்கையாகவே வெளிப்படும். அதனால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இரவு முழுக்கக் காரணமின்றி அலறும் கருவியின் ஒயரைப் பிடுங்கிவிடுவது மனித இயல்பு. பின்னர் உண்மையாகவே கோட்டை நெருங்கும்போது எச்சரிக்க அங்கே எதுவும் இருக்காது. வேறுபாட்டைக் கண்டவுடன் அதை இன்ட்64_டி ஆக்கிவிட்டு வர்க்கப்படுத்துங்கள். படகு போகக்கூடிய பரப்பு இரண்டு பாகைக்கு மேல் விரியாது என்று கொண்டால் வேறுபாடு 2 கோடி, அதன் வர்க்கம் 4க்குப் பின் 14 சுழியம். அது 64 பிட்டுக்குள் மிக எளிதாக அடங்குகிறது. எந்த அளவுக்கு உள்ளே எச்சரிக்க வேண்டும் என்ற தூரத்தின் வர்க்கத்தையும் 64 பிட்டிலேயே கணக்கிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி மறுபக்கத்தை விட்டுவைத்த நிரல்கள் உண்டு.

நேரக் கணக்கும் தடைக்காலமும்

ஆர்டுயினோவின் மில்லிஸ் என்ற செயல்கூறு, கருவி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லிநொடிகளை 32 பிட் குறியற்ற எண்ணாகத் தருகிறது. அது 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 நொடியில் நிறைந்து சுழியத்துக்குத் திரும்பும். அன்றாடம் கடலுக்குப் போய்த் திரும்பி அணைக்கப்படும் கருவியில் இது வெளிப்படவே வெளிப்படாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்க, சூரிய மின்தகட்டோடு இணைந்த கருவி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் 15 பிறந்த நள்ளிரவில் இயங்கத் தொடங்கியிருந்தால் ஜூன் 3 மாலை 5 மணியளவில் எண் திரும்பிவிடும். படகு மீண்டும் கடலில் இறங்கும் நாளில் கருவி ஏன் பேசாமல் கிடக்கிறது என்று யாருக்கும் புரியாது.

தவறு பெரும்பாலும் “இப்போது >= தொடக்கம் + இடைவெளி” என்ற வடிவில் இருக்கும். அதில் கூட்டல் வழிந்துவிடுகிறது. சரியான வடிவம் “இப்போது - தொடக்கம் >= இடைவெளி”. இப்போது, தொடக்கம் இரண்டும் யுஇன்ட்32_டி ஆக இருந்தால், எண் ஒருமுறை திரும்பியிருந்தாலும் கழித்தலின் விடை சரியாகவே வரும். கடிகாரத்தில் 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிந்த வேலைக்கு 3 மணி நேரம் ஆனது என்று நாம் தயங்காமல் சொல்வதும் இந்தக் கணக்கால்தான். இடைவெளி மட்டும் 49 நாளுக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

இது சிறு கருவிகளுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் நின்றுவிடக்கூடும் என்று 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவு வெளியிட்டது. நொடியின் நூறில் ஒரு பங்கை எண்ணும் 32 பிட் குறியுள்ள எண்ணி நிறையும் காலம் அதுவே. ஜிபிஎஸ் அமைப்பின் 10 பிட் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது நடந்தது, அடுத்தது 2038 நவம்பரில். அதே 2038ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியைக் கடக்கும்போது 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் டைம்_டி வகை நிறைகிறது. இன்று படகில் பொருத்தும் கருவி அன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்தோடு நேரத்தை 64 பிட்டில் சேமியுங்கள்.

குறியுள்ள எண்ணும் குறியற்ற எண்ணும் சேரும்போது

ஓத மட்டம் குறித்த அடிமட்டத்துக்குக் கீழே 5 சென்டிமீட்டர் போனால் மாறியின் மதிப்பு -5. எச்சரிக்கை அளவான 40ஐக் குறியற்ற மாறியில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால், சி மொழி -5ஐக் குறியற்றதாக மாற்றி 4294967291 என்று கொள்ளும். நீர் வற்றிக் கிடக்கும் வேளையில் வெள்ள எச்சரிக்கை போகும். எதிர்ம மதிப்பு வரக்கூடிய அளவோடு ஒப்பிடப்படும் எல்லாவற்றையும் குறியுள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நினைவக அளவுகளுக்கான குறியற்ற வகையான சைஸ்_டியில் சுருளை (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியை) பின்னோக்கி ஓட்டி “வரிசை >= 0” என்று கேட்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது; குறியற்ற எண் சுழியத்துக்குக் கீழே போகாது என்பதால் அந்தச் சுருள் முடியவே முடியாது.

குறுகிய வகைக்கு மாற்றும் இடங்களையும் தேடிப் பாருங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ஏவுகலம் தன் முதல் பயணத்திலேயே சிதறியதற்குக் காரணம், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியதுதான். அந்த நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டது. ஏரியான் 4இன் வேகத்துக்கு ஏற்ற வரம்பு, புதிய கலத்தின் வேகத்துக்குப் பொருந்தவில்லை. ஒரு வாடிக்கு எழுதிய நிரலை இன்னொரு துறைமுகத்துக்கு எடுத்துச் செல்லும்போது வரம்புத் தாளை மீண்டும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நினைவகமும் உள்ளீடும்

கோப்பிலிருந்து பதிவுகளின் எண்ணிக்கையைப் படித்து, ஒரு பதிவின் அளவால் பெருக்கி, நினைவகம் ஒதுக்கித் தரும் மேலாக் செயல்கூறிடம் இடம் கேட்பது பாதுகாப்புக் கேட்டுக்கே வழி திறக்கும். சைஸ்_டி 32 பிட்டாக உள்ள கட்டுப்படுத்தியில், பதிவு ஒன்றுக்கு 48 பைட் என்றால், 8,94,78,486 பதிவுகள் இருப்பதாகச் சொல்லும் கெட்டுப்போன கோப்பு பெருக்கலை வழியச் செய்து வெறும் 32 பைட் இடத்தைப் பெற்றுத்தரும். அடுத்த சுருள் அதற்கு அப்பால் உள்ள நினைவகத்தையெல்லாம் அழித்துக்கொண்டே போகும். 2002இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய ஓட்டை இந்த வகையைச் சேர்ந்ததே. எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் கேலாக்கைப் பயன்படுத்துங்கள். இன்றைய நூலகங்களில் அது பெருக்கலைத் தானே சோதிக்கிறது. இடத்தைப் பெரிதாக்க ரீஅலாக்அரே இருக்கிறது.

தராசிலிருந்து தொடர் வழியில் வரும் எழுத்துச் சரத்தை எண்ணாக்க ஏடூஐ என்ற செயல்கூறு வேண்டாம்; எண் அளவு மீறினால் அதன் நடத்தைக்கு எந்த உறுதியும் இல்லை. எஸ்டிஆர்டூஎல்எல் பயன்படுத்தி, அழைக்கும் முன் பிழை எண்ணை வைக்கும் எர்ர்நோவைச் சுழியமாக்கி, அழைத்த பின் அது அளவு மீறியதைக் குறிக்கும் இஆர்ரேன்ஜ் ஆகியிருக்கிறதா என்றும், சரம் முழுவதும் படிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். அதன் பிறகு நம் வரம்புத் தாளில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டு, 0க்குக் கீழோ 50 டன்னுக்கு மேலோ இருந்தால் வாசலிலேயே மறுத்துவிடுங்கள். வாசலில் இந்தக் காவல் இருந்தால் உள்ளே உள்ள பெருக்கல் ஒவ்வொன்றும் வழியாது என்பதைத் தாளிலேயே நிறுவிவிடலாம்.

கம்பைலரின் துணையும் எல்லைச் சோதனையும்

‘-வால்’, ‘-டபிள்யூஎக்ஸ்ட்ரா’ ஆகியவற்றோடு ‘-டபிள்யூகன்வர்ஷன்’, ‘-டபிள்யூசைன்-கன்வர்ஷன்’ ஆப்ஷன்களையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். பழைய நிரலில் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும். பணத்தையும் தூரத்தையும் நேரத்தையும் தொடும் கோப்புகளை முதலில் சுத்தம் செய்தால் போதும். கணக்குப் பகுதியைக் கட்டுப்படுத்தியிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தால் அதை மேசைக் கணினியில் ‘-எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்டு’ என்ற ஆப்ஷனோடு ஓட்ட முடியும். 48 கிலோச் சோதனையைக் கொடுத்த உடனே, எந்தக் கோப்பில் எந்த வரியில் 48000ஐயும் 45000ஐயும் பெருக்கும்போது இன்ட் போதவில்லை என்று அது சொல்லிவிடும். கூட்டலையும் பெருக்கலையும் மட்டுமல்லாமல், மிகச் சிறிய எதிர்ம எண்ணை -1 ஆல் வகுப்பது போன்ற அரிய நிகழ்வுகளையும் அது பிடிக்கும். ‘-எஃப்ராப்வி’ என்ற ஆப்ஷன் குறியுள்ள எண்களையும் சுற்றி வரச் செய்யும் என்பதால் சிலர் அதைத் தீர்வாகக் கொள்கிறார்கள். 2,050 ரூபாய்ச் சீட்டு அப்போதும் அச்சாகத்தான் செய்யும். ஆகவே பணக் கணக்குக்கு அதை நான் ஏற்பதில்லை.

‘-எஃப்சானிடைஸ்’ தரும் இந்தச் சானிடைசர், ஓடிய பாதையில் நேர்ந்த வழிதலை மட்டுமே காட்டும். எனவே சோதனைக்கு எண்களைத் தேர்வு செய்யும்போது வரம்புத் தாளின் விளிம்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: சுழியம், ஒன்று, உச்சம், உச்சத்துக்கு ஒன்று கூடுதல், கழித்தல் ஒன்று, மற்றும் இன்ட்32_மேக்ஸ்.

நேரத்துக்கு 49 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலில் ஜிஃபீஸ் என்ற எண்ணி, கணினி இயங்கத் தொடங்கி 5 நிமிடத்திலேயே 32 பிட் வரம்பைக் கடக்கும்படி வேண்டுமென்றே தொடங்கி வைக்கப்பட்டிருக்கிறது. தவறாக எழுதப்பட்ட ஒப்பீடு எதுவாயினும் அன்றே வெளிப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் நிரலிலும் மில்லிஸை நேராக அழைக்காமல் ஒரே ஒரு செயல்கூறு வழியாக அழைத்து, சோதனைக்கான கட்டமைப்பில் மட்டும் அதன் விடையோடு 4294907296ஐக் கூட்டித் திருப்புங்கள். கருவியை இயக்கிய ஒரு நிமிடத்தில் எண் திரும்பிவிடும். அந்த நொடிக்கு முன்னும் பின்னும் எச்சரிக்கை ஒலியும், இடத்தைப் பதிவு செய்யும் பகுதியும், மின்கலத்தைச் சேமிக்கும் உறக்கமும் முறை தவறாமல் நடக்கின்றனவா என்று பார்த்து முடித்த பிறகே, தடைக்காலத்துக்குக் கட்டப்போகும் படகில் அதைப் பொருத்துங்கள்.